முழுக் கட்டுரையா, திட்டக் குறிப்பா?

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஈராண்டுத் தொடக்கக் கல்லூரிகளில், பொது விவகாரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வாதிட்டு எழுதும் பாடமான ஜெனரல் பேப்பரின் முதல் தாளை எழுதுவோர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கட்டுரையை முடிக்க வேண்டும் என்பதால், வாரந்தோறும் முழுக் கட்டுரை எழுதிப் பழகுவதா, வாதங்களைச் சுருக்கமாக வரிசைப்படுத்தும் திட்டக் குறிப்பு மட்டும் போட்டுப் பழகுவதா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள்.

நேரம்: முழுக் கட்டுரைக்கு 90 நிமிடம் தேவை, 15 நிமிடக் குறிப்பு என்றால் அதற்குள் ஆறு தலைப்புகளைத் தொட்டுவிடலாம்.

திருத்தம்: கட்டுரையைத் திருத்த ஆசிரியருக்கு நாளாகும், குறிப்பை வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.

வாதம்: எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 'பெருநகரங்களில் தனிமை தவிர்க்க முடியாததா?' என்ற கேள்விக்கு, தவிர்க்க முடியுமா என்பதை விட்டுவிட்டு, தனிமையின் தீமைகளை மட்டும் மாணவர் அடுக்கினால், அந்தத் தடுமாற்றம் குறிப்பில் உடனே தெரிந்துவிடும். முழுக் கட்டுரையிலோ சரளமான நடைக்குள் அது மறைந்துகொள்ளும்.

மொழி, வேகம்: இதில் குறிப்பு உதவாது. கடைசிப் பத்து நிமிடத்தில் கையெழுத்து கலைவதும், முடிவுரை இரண்டே வரியாகச் சுருங்குவதும் முழுதாக எழுதும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே, முதலாம் ஆண்டு மாணவருக்கும், கேள்வியை விட்டு விலகிப்போகும் பழக்கம் உள்ளவருக்கும் குறிப்புப் பயிற்சியே பொருந்தும். வாதம் தெளிவாக இருந்தும் நேரத்துக்குள் முடிக்கத் திணறுபவர், இரண்டாம் ஆண்டின் ஜூன் விடுமுறையிலிருந்தே, கடிகாரத்தை எதிரே வைத்து, கையால் முழுக் கட்டுரை எழுதிப் பழக வேண்டும்.