‘கல்லூரி கோச் நடத்தும் கேம்ப்’: வாட்டர் போலோ பெற்றோர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் குளிர்கால வாட்டர் போலோ (குளத்தில் நீந்தியபடி பந்தை எதிரணியின் கோலுக்குள் வீசும் ஆட்டம்) கேம்ப் ஒன்றுக்கான விளம்பரம் மின்னஞ்சலில் வந்தது. மேலே பெரிய படம். பெயர் பெற்ற கல்லூரி கோச் நடுவில் நிற்கிறார், சுற்றிலும் பிள்ளைகள். முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக என் மகள். ஜூலையில் நடந்த நான்கு நாள் கேம்பில் அந்தக் கோச் பிள்ளைகளோடு இருந்தது, படம் எடுத்த நேரத்தையும் சேர்த்து, இருபத்தைந்து நிமிடம். படம் எடுத்த மறுநாள் இரவு தலையில் அடிபட்ட என் மகளை அவசர சிகிச்சைக்குக் கொண்டு ஓடினோம். இந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு வீட்டில் பணம் கட்டிவிடுவார்களே என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. பதினொன்று வரை நீச்சல், பிறகு தோழி ஒருத்தி சேர்ந்தாள் என்று வாட்டர் போலோ கிளப். எனக்கும் கணவருக்கும் இந்த விளையாட்டில் அரிச்சுவடி தெரியாது. கிரிக்கெட்டாக இருந்தால் பத்து நிமிடம் வலைப்பயிற்சியைப் பார்த்தாலே சொல்லிக்கொடுப்பவருக்கு விஷயம் தெரியுமா என்று நமக்குப் பிடிபட்டுவிடும். இதில் அந்தக் கண் நமக்கு இல்லை. ஆகவே பெயரை நம்புகிறோம். கலிபோர்னியாவில் அந்தப் பெயருக்குப் பெரிய எடை உண்டு. 1969-இல் தொடங்கிய ஆண்கள் கல்லூரி சாம்பியன்ஷிப்பை 2024 வரை இந்த மாநிலத்துக்கு வெளியே ஒரு கல்லூரிகூட வென்றதில்லை. அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி 2012, 2016, அடுத்து டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியது. இங்கே ‘கல்லூரி கோச்’ என்று போட்டாலே பெற்றோர் மனம் இளகிவிடுகிறது. எனக்கும் இளகியது.

பிப்ரவரியில் வந்த முதல் மின்னஞ்சலில் “உங்கள் மகள் எங்கள் கேம்புக்குத் தேர்வாகியிருக்கிறாள்” என்று இருந்தது. அதை அவள் பாட்டிக்கு வீடியோ காலில் படித்துக் காட்டினாள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ விதிப்படி, அந்தக் கல்லூரிகளின் கோச்கள் நடத்தும் கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை, வயது, வகுப்பு, ஆணா பெண்ணா என்பதைத் தவிர வேறு காரணத்துக்காக யாரையும் விலக்கக் கூடாது. ஆகவே அந்தத் ‘தேர்வு’க்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதே கடிதத்தில் “கல்லூரி கோச்களின் பார்வையில் படும் வாய்ப்பு” என்றும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் ஒரு பிள்ளையிடம் கல்லூரிச் சேர்க்கை பற்றி கோச் பேசவே கூடாது என்பது விதி. எட்டாம் வகுப்புக்குப் போகிற குழந்தைக்கு இதைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மார்ச்சில் 1,095 டாலர் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேம்ப் தொடங்கியது. ஆறு மணி நேரம் கார் ஓட்டித் தெற்கே போயிருந்தோம். தலைமைக் கோச் வந்தார், நன்றாகப் பேசினார், படம் எடுத்துக்கொண்டார், போனார். அதன்பின் என் மகள் அவரைப் பார்க்கவே இல்லை. எண்பதுக்கு மேல் பிள்ளைகள். சம்பளம் வாங்கும் உதவிக் கோச் ஒரே ஒருவர், இரண்டு குளத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். மீதிப் பயிற்சி முழுவதும் ஆறு கல்லூரி மாணவர்கள் கையில். விளம்பரத்தில் இருந்த ‘அனுபவமிக்க கல்லூரி கோச்கள்’ இவர்கள்தான்.

அந்த மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், சாப்பாட்டு நேரத்தில்கூடத் தண்ணீரில் இறங்கி என் மகளின் எக்பீட்டர் காலடியைத் திருத்தியிருக்கிறாள். முட்டை அடிக்கும் கருவி மாதிரி இரண்டு காலும் ஒன்று மாற்றி ஒன்று எதிரெதிர்த் திசையில் சுழல்வதுதான் எக்பீட்டர். கையை ஊன்றாமல் நெஞ்சு வரை தண்ணீருக்கு மேலே நிற்பதற்கு அதுதான் ஆதாரம். “முட்டியை அகட்டு, குதிகாலை மேலே கொண்டு வா” என்று அவள் சொன்னதை என் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே இருந்த இரண்டு நாளில் கற்றது என்றால் அது ஒன்றுதான்.

ஏனென்றால் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆழமான குளத்தில் விடவே இல்லை. அது பெரிய பிள்ளைகளுக்கு. இவர்களுக்கு நான்கடி ஆழக் குளம். வாட்டர் போலோவில் கோல்கீப்பரைத் தவிர யாரும் தரையில் கால் ஊன்றி ஆடக் கூடாது. பந்தை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். நான்கடித் தண்ணீரில் களைத்த பிள்ளை என்ன செய்யும்? நிற்கும். நின்றுகொண்டே பந்தை வீசும். கிளப் கோச் ஒன்றரை வருடம் பாடுபட்டுக் கொண்டுவந்த பழக்கம் இரண்டு நாளில் கலைந்துபோனது. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பந்து. வரிசையில் காத்திருந்து காத்திருந்து உதடு நடுங்கிய நேரம்தான் அதிகம் என்றாள்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆட்டத்தில் பக்கத்திலிருந்து வீசிய பந்து அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது. காது காப்பு வைத்த தொப்பி போட்டிருந்தாள். அந்தக் காப்பு காதுக்குத்தான், மூளைக்கு இல்லை. கரையில் பத்து நிமிடம் உட்கார வைத்து, “ஓகேவா?” என்று கேட்டு, மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஒரு மணி நேரத் தூரத்தில் தோழி வீட்டில்தான் இருந்தோம். இரவு 9:40-க்கு அறைத்தோழியின் போனிலிருந்து அழைத்தாள். “அம்மா, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன். லைட்டப் பார்த்தா கண்ணு கூசுது. நீ வர்றியா?”

அந்த ஒரு மணி நேரப் பயணத்தை நான் மறக்கப் போவதில்லை. மருத்துவமனையில் கன்கஷன் என்றார்கள், மண்டை குலுங்கியதில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு. ஸ்கேன் சுத்தமாக இருந்தது, கடவுள் புண்ணியம். இரண்டு வாரம் குளத்துப் பக்கமே போகக் கூடாது, திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். “அடிபட்ட பிறகு ஏன் மறுபடி ஆடவிட்டார்கள்?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கலிபோர்னியாவில் 2017 முதல் ஏபி 2007 என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கிளப்புகளோடு கேம்புகளையும் அது கட்டுப்படுத்தும், வாட்டர் போலோவும் அதன் பட்டியலில் உண்டு. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே அன்று முழுக்க ஆட்டத்துக்கு வெளியே வைக்க வேண்டும். மருத்துவரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. கன்கஷன் உறுதியானால் குறைந்தது ஏழு நாளில் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கன்கஷன் பற்றிய தகவல் தாளில் வருடா வருடம் பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். எங்களிடம் அந்தத் தாளைத் தரவே இல்லை. கையெழுத்து வாங்கியது ‘எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை’ என்ற படிவத்தில் மட்டும்.

அந்தப் படிவத்தைத்தான் பிறகு திரும்பத் திரும்பக் காட்டினார்கள். உடல் மோதும் விளையாட்டு, தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள், பணம் திரும்பத் தர முடியாது என்று பதில் வந்தது. கல்லூரி அலுவலகத்தைக் கூப்பிட்டால், “குளத்தையும் டார்ம் (மாணவர் விடுதி) அறைகளையும் வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான்” என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் உண்மைதான், பணம் போயிருப்பது ஒரு தனியார் கம்பெனிக்கு. இணையப்பக்கம் முழுவதும் கல்லூரியின் நிறமும் சின்னமும், கீழே பொடி எழுத்தில் கல்லூரிக்குத் தொடர்பில்லை என்ற வரி.

அந்தப் படிவத்துக்கும் ஒரு எல்லை உண்டு. சான்டா பார்பரா நகராட்சியின் கோடை முகாமில் மாற்றுத்திறனாளியான பதினான்கு வயதுச் சிறுமி நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தாள். தாய் முன்கூட்டியே இப்படி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். அந்த வழக்கில் 2007-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், படுமோசமான அலட்சியத்துக்கு இந்தக் கையெழுத்து கவசமாகாது என்று சொல்லிவிட்டது. எங்கள் வழக்கு அந்த அளவுக்கு வருமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

இனி நான் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் விடமாட்டேன். தலைமைக் கோச் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் குளத்தடியில் இருப்பார்? என் மகளின் குழுவுக்கு யார், அவருக்கு வயது என்ன, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? குளம் எத்தனை அடி ஆழம்? அடிபட்டவர்களைப் பார்க்க அத்லெடிக் ட்ரெயினர் கூடவே இருப்பாரா? இரவில் டார்மில் பொறுப்பான பெரியவர் யார்? விளையாட்டில் பிள்ளைகள் துன்புறுத்தப்படாமல் காக்கும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் யார் யாருக்கு முடிந்திருக்கிறது? தடை செய்யப்பட்ட கோச்களின் பட்டியலைச் சேஃப்ஸ்போர்ட் மையம் பொதுவில் வைத்திருக்கிறது, பெயரைப் போட்டு நீங்களே தேடலாம். கேம்ப் முடிந்தபின் நான் இந்தக் கேள்விகளை அனுப்பினேன். பெயர்ப் பட்டியல்கூட வரவில்லை. நல்ல கேம்புகள் கண்டிப்பாக இருக்கின்றன. எங்கள் கிளப்பிலேயே இரண்டு பிள்ளைகள் வேறு கல்லூரியில் போய் மூன்று நாளும் கோச்சோடு ஆழத்தில் ஆடிவிட்டு வந்தார்கள். கேட்டவுடன் பெயர்களை அனுப்பினார்களாம்.

கிரெடிட் கார்டில் கட்டியது எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியது. கார்டு கம்பெனியிடம் முறையிடச் சட்டம் தரும் 60 நாள் கெடு முதல் பில் வந்த நாளிலிருந்து ஓடுகிறது, எங்களுக்கு அது எப்போதோ தாண்டியிருந்தது. ஆனாலும் கேம்ப் நடந்த தேதியைச் சொல்லி, விளம்பரத்தையும் அங்கே எடுத்த படங்களையும் வைத்து முறையிட்டேன். 600 டாலர் திரும்பி வந்தது. மருத்துவமனைப் பில்லில் எங்கள் பங்குக்காக, சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு தயார் செய்கிறோம். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், மனுக் கட்டணம் 30-லிருந்து 75 டாலருக்குள்.

மகள் செப்டம்பரில் கிளப்புக்குத் திரும்பிவிட்டாள். முதல் இரண்டு வாரம் பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள், இப்போது பரவாயில்லை. விளம்பரத்திலிருந்து அவள் படத்தை எடுக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், இன்னும் இருக்கிறது. “உங்கள் மகன் தேர்வாகியிருக்கிறான்”, “உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறாள்” என்று உங்களுக்கும் வந்திருந்தால், கார்டை எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் அனுப்பிய கேள்விகளையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் அப்படியே தருகிறேன்.