நர்ஸ் பதிவுக்கு ஆபத்து: தருமபுரி வக்கீலா, சென்னை வக்கீலா?

தருமபுரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். வார்டில் ஃபென்டனில் (கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள வலிநிவாரணி) ஆம்பியூல் கணக்கில் ஒன்று குறைகிறது, விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸும் வந்துவிட்டது. யாரைப் பிடிப்பது?

தருமபுரி வக்கீல் வார்டு பதிவேட்டையும் டியூட்டி சார்ட்டையும் வரி வரியாகப் பார்ப்பார். மீதி மருந்தைக் கொட்டியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்? வழக்கின் உயிரே அதில்தான். போலீஸ் கேஸானாலும் அவர் பக்கத்திலேயே இருப்பார்.

ஆனால் நர்ஸாக வேலை பார்க்கத் தேவையான பதிவு, சென்னையில் உள்ள நர்ஸுகள் கவுன்சிலின் கையில். கவுன்சில் முடிவை எதிர்த்து ரிட் மனு போடுவதும் சென்னையில்தான், உயர் நீதிமன்றத்தில். அந்த நடைமுறை சென்னை வக்கீலுக்கு அத்துப்படி; ஃபீஸ் கூடுதல், போன் எடுப்பதுதான் அபூர்வம். (அரசு நர்ஸுக்கு 17(பி) மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் அது துறை விசாரணை, தனிக்கதை.)

என்னைக் கேட்டால், நோட்டீஸுக்குப் பதில் எழுத உள்ளூர்க்காரரே மேல். கவுன்சில் நேரில் அழைத்தால் அப்புறம் சென்னைக்காரரைச் சேர்க்கலாம். அதற்கு முன்னால் வார்டு பதிவேட்டின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.