போல்டரில் ஆறு வருடம்: அந்த ‘டக்’ பற்றிக் கொஞ்சம்

இங்கே நெதர்லாந்தில், ஆம்ஸ்டெல்வேனில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பினான். “மச்சான், உன் சைக்கிள் மாடலேதான். விலையைக் குறைச்சிருக்கான். வாங்கிடவா?” அடுத்த வரியிலேயே இன்னொரு கேள்வி: “போல்டர்ல எல்லாம் சமதரைதானே, கார் தொந்தரவும் இல்ல. நான்கூட ஓட்டிடுவேன்ல?” அணை கட்டி, தண்ணீரை இறைத்து எடுத்த நிலத்தைத்தான் இங்கே போல்டர் என்பார்கள். பதில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் உட்கார்ந்து முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

விலை குறைந்ததில் அதிசயம் இல்லை. நெதர்லாந்தில் புதிதாக விற்கும் சைக்கிள்களில் இப்போது ஏறக்குறையப் பாதி பேட்டரி வண்டிகள். காலை மட்டும் நம்பி ஓடும் டூரிங் சைக்கிள் கடையின் மூலையில் தூசி வாங்கிக்கொண்டு நிற்கிறது. என்னுடையது ஆறு வருடத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எட்டு கியரும் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள், செயின் முழுக்க மூடிய கவருக்குள். மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

அந்தச் செயின் கவருக்கு மட்டும் ஒரு கும்பிடு. அக்டோபரில் வயலிலிருந்து சர்க்கரை பீட்ரூட் எடுக்கும்போது டிராக்டர்கள் களிமண்ணைப் பாதையெல்லாம் அப்பிவிட்டுப் போகும். இது கடல் அடியில் கிடந்த மண். நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் சிமெண்ட். மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்த நாள் உண்டு, குச்சியை வைத்து நோண்டியிருக்கிறேன். செயினுக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மாற்றினேன்.

அப்புறம் பாதை. ஒவ்வொரு சந்திப்பிலும் பச்சை வெள்ளைப் பலகையில் ஓர் எண் இருக்கும். கிளம்பும் முன் 24, 31, 67 என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், போனையே எடுக்க வேண்டாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஹ்யூகோ போலன் என்ற பெல்ஜியச் சுரங்கப் பொறியாளர். 1995-ல் பெல்ஜியத்தின் லிம்பர்கில் முதலில் வந்தது, பிறகுதான் டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எண்கள் 99-க்கு மேல் போகாது, அதனால் அதே எண் வேறு ஊரிலும் வரும். ஒருமுறை தப்பான 31-ஐ நம்பிப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றினேன். அது என் தப்பு, எண்ணின் தப்பில்லை.

நான் அதிகம் ஓட்டுவது நோர்ட்ஓஸ்ட்போல்டரில். 1942-ல் தண்ணீரை இறைத்து வற்றவைத்த நிலம். நடுவில் எம்மெலோர்ட் என்ற ஊர், அதைச் சுற்றி வளையமாகப் பத்து கிராமங்கள். கிராமத்துக்கும் கிராமத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைச் சைக்கிளை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பண்ணை வேலைக்காரன் மிதித்துப் போய்த் திரும்பக்கூடிய தூரம். எந்த ஊரில் சோர்ந்தாலும் அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரம் அதற்குள் கண்ணில் பட்டுவிடும். சைக்கிளுக்காகவே வரைந்த நிலம் இது என்று சொன்னால் மிகையில்லை.

கார் தொந்தரவு உண்மையிலேயே இல்லை. துலிப் பூக்கும் ஏப்ரல் கடைசி நாட்களை மட்டும் விட்டுவிடு, அப்போது நாடே படம் எடுக்க வந்து நிற்கும். மற்ற நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிராக்டர், ஒரு தபால் வண்டி, அவ்வளவுதான். அங்கேதான் என் பிரச்சினை ஆரம்பித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வலது பெடல் கீழே வரும்போதெல்லாம் ஒரு ‘டக்’. பெரிய சத்தம் இல்லை, யாரோ நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி. அல்மேரேயில் வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகும்வரை கேட்கவே கேட்காது. போல்டரில் வேறு சத்தமே கிடையாதே. நிமிடத்துக்கு அறுபது மிதி என்றால் அறுபது ‘டக்’. நாலு மணி நேரத்துக்கு நீயே கணக்குப் போட்டுக்கொள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பெடல் கட்டையை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் லூசாகி இதே மாதிரி தட்டும். அப்போது தெருச் சத்தத்தில் அது ஒரு விஷயமே இல்லை.

முதலில் ஒரு கடையில் விட்டேன். கடைக்காரர் தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்றார். பக்கத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது, எப்படிக் கேட்கும்? நான் அடம்பிடித்ததால் பி.பி. செட்டை, அதாவது பெடல் அச்சையும் அதன் பேரிங்கையும், மாற்றினார். கூலியோடு 85 யூரோ. அடுத்த சனிக்கிழமையே ‘டக்’. வேறு ஒரு கடையில் இரண்டு பெடலையும் மாற்றினார்கள். மறுபடி ‘டக்’. உங்கள் காது ரொம்பக் கூர்மை என்று பாராட்டினார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை.

இனி காற்று. போல்டர் என்றதும் எல்லாரும் அழுவது எதிர்காற்றைப் பற்றித்தான், அதில் பொய்யில்லை. மலையில் ஏறினால் இறக்கமாவது கிடைக்கும், இங்கே அதுவும் கிடையாது. காற்றின் வேகத்தை இங்கே போஃபோர்ட் அளவில் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். நாலாம் எண் என்றால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். அதன் முகத்தில் நீ 15-ல் போனாலே உன் நெஞ்சில் மோதும் காற்று 40-ஐத் தொடும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் உடம்பே பாய்மரம். எதிர்காற்றில் ஓட்டுவதற்கென்று இங்கே தேசியப் போட்டியே நடக்கிறது. 2013-ல் ஆரம்பித்தது, ஸேலாண்டில் உள்ள கடல் தடுப்பணை மேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சைக்கிளில். காற்று ஏழாம் எண்ணைத் தொட்டால்தான் நடத்துவார்கள். நான் அந்த ரகம் இல்லை. மூச்சிரைக்க மூன்றாம் கியரில் மிதித்துக்கொண்டிருப்பேன். எழுபது வயதுத் தாத்தாவும் பாட்டியும் பேட்டரி வண்டியில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டுவார்கள். போகிற போக்கில் “ஹொய்” என்று ஒரு வணக்கம் வேறு.

ஆனால் எதிர்காற்றில் காதுக்குள் ஒரே இரைச்சல். ‘டக்’ கேட்காது!

முதுகுக்காற்று நேர்மாறு. காற்றும் 24, நானும் 24 என்றால் காதோர இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். வானம்பாடி கேட்கும். நம்மூர் ஆள்காட்டிக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்று உண்டு, தலையில் கொண்டையோடு, அது கத்துவது கேட்கும். வாய்க்காலில் தவளை குதிப்பதுகூடக் கேட்கும். கூடவே ‘டக்’. ஊரே ஏங்குகிற சுகமான சவாரி எனக்கு மட்டும் சித்திரவதை. எதிர்காற்று நாளிலும் முழு நிம்மதி கிடையாது. பண்ணை வீடுகளைச் சுற்றிக் காற்றுத் தடுப்புக்காக அடர்த்தியாக மரம் நட்டிருப்பார்கள். ஒவ்வொரு பண்ணையைத் தாண்டும்போதும் அரை நிமிடம் காற்று அடங்கும். டக், டக், டக். மரவரிசை முடிந்ததும் மறுபடி இரைச்சல்.

விடை போன மாதம்தான் கிடைத்தது, தற்செயலாக. நாகெலே அருகே ஒரு பண்ணை மரவரிசைக்குள் முதுகு வலிக்கிறது என்று எழுந்து நின்று மிதித்தேன். சத்தம் இல்லை. உட்கார்ந்தேன், ‘டக்’. எழுந்தேன், இல்லை. சீட் குழாய்! வீட்டுக்கு வந்ததும் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு குழாயை உருவினேன். சுலபத்தில் வரவில்லை, திருகித் திருகி எடுக்க வேண்டியிருந்தது. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் வெள்ளையாக, விபூதி பூசின மாதிரி ஒரு வளையம். அலுமினியக் குழாய் இரும்பு ஃபிரேமுக்குள் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்திருக்கிறது. பழைய பனியனால் துடைத்து, விரல் நுனி கிரீஸ் தடவி, திரும்பச் சொருகினேன். பத்து நிமிட வேலை.

சோதிக்க முதுகுக்காற்று வேண்டும். இதற்கென்று என்னிடம் ஒரு ரூட் இருக்கிறது, உனக்கும் உதவும். நோர்ட்ஓஸ்ட்போல்டரில் ரயில் பாதையே கிடையாது, அதனால் காற்றைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. ரயிலில் லேலிஸ்டாட் போய் இறங்கி, உர்க், எம்மெலோர்ட் வழியாக வடகிழக்கே ஸ்டேன்வைக்வரை மிதித்தால் சுமார் 70 கிலோமீட்டர், அங்கிருந்து ரயிலில் திரும்பலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட், ஆபீஸ் நேரத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், உர்க்கில் கடையெல்லாம் சாத்தியிருக்கும், பொரித்த மீன் கிடைக்காது.

போன சனிக்கிழமை அப்படித்தான் கிளம்பினேன். கேட்டல்ப்ரூக் பாலத்தில் பக்கத்திலேயே ஏ6 நெடுஞ்சாலை, லாரிச் சத்தத்தில் எதையும் சோதிக்க முடியாது. பாலம் இறங்கி வயலுக்குள் திரும்பியதும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றுமில்லை. டயர் தார் மேல் உருளும் சத்தம் மட்டும். உர்க் வரை இல்லை, எம்மெலோர்ட் வரை இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த நிலம் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. சந்தோஷத்தில் தனியாகப் பாடிக்கொண்டுகூடப் போனேன். பார்க்க மாடுகள் மட்டும்தான்.

மார்க்நெஸ்ஸே தாண்டி ஒரு ‘டிக்’. ‘டக்’ இல்லை, ‘டிக்’. இன்னும் மெல்லியது, இடது பக்கம். நின்று மிதித்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது.

ஆக உன் கேள்விக்குப் பதில்: வாங்காதே. ஹப் கியர் தங்கம், செயின் கவர் தங்கம், ஆறு வருடத்தில் மூன்றே பஞ்சர், எல்லாம் சரி. இருந்தாலும் வாங்காதே. பேட்டரி வண்டி வாங்கு, மோட்டார் முனகலில் வேறெதுவும் கேட்காது. என்னுடையதை விலைக்குக் கேட்கவும் வேண்டாம், தரமாட்டேன்.

வரும் சனிக்கிழமையும் தென்மேற்குக் காற்றுதான், ஐந்தாம் எண் என்கிறார்கள். வருகிறாயா? ரயிலில் ஸ்டேன்வைக் போய், அங்கிருந்து இந்தப் பக்கம் மிதித்து வரலாம்.