பார்ங்கா: வாய் திறக்காமல் ஆடும் சீட்டு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தொழிலாளர் நலப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் தையல் லைனில் பாதிக்கு மேல் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். சூப்பர்வைசர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உரசல் இல்லாத நாள் கிடையாது. 'இந்திக்காரங்களுக்குச் சொன்னாலும் ஏறாது' என்பது காலை டீ நேரத்துக்குள் இரண்டு முறையாவது காதில் விழும். அதில் பாதிப் பேருக்கு வீட்டில் பேசுவது ஒடியா, இந்தியே அரைகுறை.

இந்த உரசலைக் குறைக்க நான் வாங்கி, இதுவரை மூன்று முறை ஆடவைத்த விளையாட்டு 'பார்ங்கா' என்ற சீட்டாட்டம். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அதன் விளக்கப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்தால் நம் ஊரில் நடக்காது. எங்கெங்கே மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதற்கு முன் நாங்கள் செய்ததைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். ஒரு வருடம் வெளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். சூப்பர்வைசர்கள் பாதிப் பேர் புதிதாக வந்த ஒடிசாத் தொழிலாளியாக நடிக்க வேண்டும், மீதிப் பேர் அவர்களுக்கு வேலை சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் தலையில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, வாயில் குட்கா அடக்கியதுபோல் கன்னத்தை உப்பவைத்து, உடைந்த தமிழில் பேசினார். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. அந்த நேரம் பார்த்து ஹெல்பர் பையன் டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தான். ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டத்துப் பையன். அவனும் சிரித்தான். நாற்பது பேர் சிரிக்கும்போது அவன் வேறு என்ன செய்வான்? அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் யாரும் யாராகவும் நடிக்க வேண்டாம் என்று. அடுத்தவரைப் போல நடிக்கச் சொன்னால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கேலிதான் வெளியே வருகிறது.

பார்ங்காவில் வேடம் கிடையாது. நீங்கள் நீங்களாகவே உட்கார்ந்து சீட்டாடுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் நீங்களும் கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள், ஆட்டம் கெட்டுப்போகும். இதை உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன். சென்னையிலிருந்து போய், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனில் குடியேறியவர். பயிற்சித் துறையில் 'தியாகி' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1980இல் அவர் லைபீரியாவில் க்பார்ங்கா என்ற ஊரில் கல்வித் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். அந்த ஏப்ரலில்தான் சார்ஜன்ட் சாமுவேல் டோ அங்கே ஆட்சியைப் பிடித்தார். அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்தவர்களோடு யூக்கர் என்ற சீட்டாட்டம் ஆடியபோது, எல்லோரும் ஒரே ஆட்டம் ஆடுவதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு விதிப்படி ஆடிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் இது. பெயரும் அந்த ஊர்ப் பெயர்தான். 2006இல் 25ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது.

எப்படி ஆடுவது என்று இனி சொல்கிறேன்.  

மேசைக்கு நாலு முதல் ஆறு பேர். ஸ்பேடு, டைமண்ட் முதலான நாலு வகையிலும் ஏஸ் முதல் 7 வரை, மொத்தம் 28 சீட்டு. ஆளுக்கொரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் எடுத்துக்கொள்வார். அதுதான் ஒரு 'பிடி'. கழுதை ஆடத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மேசைக்கு ஒரு விதித்தாள் கொடுத்து, கொஞ்ச நேரம் ஆடிப் பழகவிட்டு, தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். அதற்குப் பிறகு ஒருவரும் பேசக் கூடாது. சைகை காட்டலாம், படம் வரைந்து காட்டலாம், ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் அதிகப் பிடி எடுத்தவர் மேல் மேசைக்கும் குறைவாக எடுத்தவர் கீழ் மேசைக்கும் போவார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: விதித்தாள் மேசைக்கு மேசை வேறு. ஒரு மேசையில் ஏஸ் பெரியது, இன்னொன்றில் அதுதான் எல்லாவற்றிலும் சின்னது. ஓரிடத்தில் டைமண்ட் துருப்பு (மற்ற வகைகளை வெட்டும் சீட்டு), ஓரிடத்தில் ஸ்பேடு, இன்னோரிடத்தில் துருப்பே இல்லை.

முதல் முறை கடையில் வாங்கிய சீட்டுக் கட்டுகளை வைத்தே ஆரம்பித்தேன். செக்கிங் பிரிவு அக்கா ஒருவர் சீட்டைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். 'எங்க வீட்டுக்காரரு சம்பளம் பூரா இதுலதானுங்க மேடம் போச்சு. நான் தொட மாட்டனுங்க' என்றார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கர்களுக்குச் சீட்டு என்பது வெறும் விளையாட்டாக இருக்கலாம். இங்கே அது பல வீடுகளில் அடமானம் போன நகை.

அதே நாளில் இன்னொரு தவறும் நடந்தது. அது முழுக்க என்னுடையது. ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம், பிறகு உட்கார்ந்து பேச முக்கால் மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தேன். ஆட்டம் இழுத்துவிட்டது. பேச ஆரம்பிக்கும்போது ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. விதித்தாள் வேறு வேறு என்பதைச் சரியாகச் சொல்லக்கூட நேரம் கிடைக்காமல் எல்லோரும் எழுந்து போனார்கள். இரண்டு மேசைக்காரர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னால் நடக்கும் பேச்சு இல்லாவிட்டால் இந்த ஆட்டம் சண்டை மூட்டிவிடும். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

இரண்டாம் முறை அட்டையை மாற்றினேன். கட்டிங் பிரிவில் கொடுத்து சார்ட் அட்டையைச் சீட்டு அளவுக்கு வெட்டி, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலு நிறம். ஏஸுக்குப் பதில் ஒரு பூ வரைந்தேன். விதித்தாளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாங்கினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு மேசைக்காரரையும் தனித்தனியாக ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் வாசித்துக் காட்டினேன். 12 சூப்பர்வைசர், 12 தொழிலாளர், 5 மேசை.

இரண்டாவது சுற்றில் பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) சூப்பர்வைசர் அக்கா ஒருவர் மேல் மேசைக்கு ஏறினார். 22 வருட சர்வீஸ், கெட்டிக்காரர். முகத்தில் வெற்றிக்களை. பச்சைப் பூவை எடுத்து ஓங்கிப் போட்டார். அவர் பழகிய மேசையில் பூதான் ராஜா. எதிரில் இருந்த பெண் பச்சை 6ஐப் போட்டு அமைதியாகப் பிடியை அள்ளினாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பூவைத் தட்டிக் காட்டினார், இன்னொரு முறை தட்டினார். மற்ற மூவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். கையை விட்டார். அடுத்த பிடியிலும் அதே மாதிரி போனது. அதற்கப்புறம் அவர் கையிலிருந்த சீட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துப் போட ஆரம்பித்தார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் லைன் முழுக்கக் கேட்கும் குரல் அவருடையது. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பேச்சு நேரத்தில் அவர் சொன்னார்: 'மொதல்ல அந்தப் புள்ள கள்ளாட்டம் ஆடுதுன்னு நெனச்சனுங்க. அப்புறம் எனக்குத்தான் ஆடத் தெரியலையோன்னு ஆயிப்போச்சு.'

அன்றைக்கு அதிகம் ஜெயித்தது யார் தெரியுமா? முன்பு டீத் தட்டோடு நின்ற அதே பையன். இப்போது ஓவர்லாக் டைலர். எப்படி என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். புது மேசைக்குப் போனால் முதல் இரண்டு பிடிக்கு ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு மற்றவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பானாம். இங்கே வந்த நாளிலிருந்து எல்லா வேலையையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன் என்றான். எங்களுக்குப் புதிதாக இருந்த அந்த ஒன்றரை மணி நேரம் அவனுக்கு மூன்று வருடமாகப் பழக்கம்.

இதனால் லைனில் ஏதாவது மாறியதா என்று மேனேஜர் கேட்டார். ஒன்று சொல்கிறேன். அந்த அக்காவின் லைனில் ஒரு பெண் எவ்வளவு சொன்னாலும் பண்டல் டிக்கெட்டை, அதாவது துணிக் கட்டோடு வரும் விவரச் சீட்டை, கட்டின் அடியில்தான் செருகுவாள். எங்கள் வழக்கம் மேலே. கவுன்ட் எடுக்கும்போது தேட வேண்டியிருக்கும் என்பதால் தினமும் திட்டு. ஆட்டம் முடிந்த திங்கள்கிழமை அக்கா அவள் பக்கத்தில் போய் நின்று, ஏன் என்று கையாலேயே கேட்டிருக்கிறார். அவள் முன்பு வேலை பார்த்த பெங்களூர் கம்பெனியில் அடியில்தான் செருக வேண்டுமாம், மேலே வைத்தால் விழுந்துவிடும் என்று அங்கே திட்டுவார்களாம். விஷயம் அவ்வளவுதான். எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு முறைதான் இந்த ஆட்டம். ரகசியம் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். எங்கள் மூன்றாவது குழுவில் பாதிப் பேருக்கு கேன்டீனிலேயே விஷயம் தெரிந்திருந்தது. முடிந்தால் எல்லாக் குழுவையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இன்னொன்று, இதில் எல்லா மேசையும் சமம். லைனில் அப்படி இல்லை, அங்கே சூப்பர்வைசர் விதிதான் விதி. அதிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கேரி ஷர்ட்ஸ் 1969இல் உருவாக்கிய 'ஸ்டார்பவர்' என்ற விளையாட்டு பொருத்தம். அதில் ஜெயித்த கூட்டமே அடுத்த சுற்றுக்கு விதி எழுதும். அவரே அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய 'பாஃபா பாஃபா'வில் இரண்டு கற்பனைச் சமூகங்கள் உண்டு, ஒன்றுக்குத் தனி மொழியே இருக்கிறது. அதற்கு இரண்டு அறையும் அரை நாளும் வேண்டும். எங்களுக்குக் கட்டுப்படியாகாது. 1968இல் அயோவாவில் ஜேன் எலியட் டீச்சர் நீலக்கண் குழந்தைகள், பழுப்புக்கண் குழந்தைகள் என்று வகுப்பைப் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்தியதை மாதிரியாகக் காட்டுகிறவர்களும் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆட்களை அப்படி அவமானப்படுத்திப் பாடம் நடத்த நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர், ஓவர்டைம் கணக்கு ஒழுங்காக வருகிறதா என்பதையெல்லாம் இந்த ஆட்டம் சரிசெய்யாது. அதை ஆபீசில்தான் சரிசெய்ய வேண்டும். அந்தக் கோப்புகளும் என் மேசையில்தான் இருக்கின்றன.

அடுத்த மாதம் விடுதி வார்டன்களுக்கு வைத்திருக்கிறேன். ஷிப்ட் பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய அட்டைகளின் ஓரம் நைந்துபோயிருக்கிறது. புதிதாக 140 அட்டை வெட்டக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை பூ வரைவது பண்டல் டிக்கெட்டை அடியில் செருகிய அந்தப் பெண். அவளுக்கு நன்றாக வரைய வரும் என்று அக்காதான் வந்து சொன்னார்.