ட்ரோலி உறை: பஞ்சு வைத்ததா, மெல்லியதா?

குழந்தை யாரும் பிடிக்காமல் உட்காரப் பழகிய பிறகுதான் பேரங்காடி ட்ரோலியின் முன்னிருக்கையில் வைக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல். வைத்த கையோடு கைப்பிடியைக் கடிக்கத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் இருக்கையையும் கைப்பிடியையும் மூடும் துணி உறை. கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை: பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உறை, ஒற்றைப் பாலியஸ்டர் துணியால் ஆன மெல்லிய உறை. அண்ணி கொடுத்த தடித்ததும் நாங்கள் வாங்கிய மெல்லியதும் எங்கள் கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் இருக்கின்றன. கடைக்குப் போகும்போது நான் எடுத்துப்போவது மெல்லியதைத்தான்.

சொகுசில் பஞ்சு உறைதான் மேல். கம்பி தொடையில் பதியாது, குழந்தை பக்கவாட்டில் சாய்ந்தாலும் இடிக்காது. அதோடு அதன் பெருமை முடிந்தது.

நம் ஊரில் இதைத் தீர்மானிப்பது துவைப்பதல்ல, காயவைப்பது. ட்ரோலியில் கோழியும் மீனும் ஏறி இறங்குகின்றன. உறையின் மேல் பக்கத்தில் பிஸ்கட் கூழும் எச்சிலும். ஒவ்வொரு தடவையும் துவைத்தால்தான் உறை போடுவதில் அர்த்தம் இருக்கிறது. கோலாலம்பூரில் காலை வெயிலை நம்பித் துணி போட்டால் மத்தியானம் இடி மழை வந்து நிற்கும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். அடுக்குமாடியில் துணி காய்வது சமையலறைக்குப் பின்னால் உள்ள யார்டில். அங்கே காற்று உண்டு, வெயில் இல்லை. பஞ்சு உறை சாயங்காலம் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். தையல் மூலையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் கசியும். அப்படியே மடித்து வைத்தால் முதலில் புழுங்கல் வாடை, பிறகு கறுப்புப் புள்ளி. குழந்தை வாய் வைக்கும் துணியில் பூஞ்சணம் என்றால் உறையே வேண்டாம் என்றாகிவிடும். டோபி கடை டிரையரில் போடலாமே என்பார்கள். அடியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள உறை அதிகச் சூட்டில் சுருங்கி உரியும். சலவைக் குறிப்பைப் படிக்காமல் போடாதீர்கள்.

மெல்லியதை இரவு அலசி, உதறி, மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலையில் தயார். தோள்பை ஓரத்தில் சுருட்டி வைக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் உயர நாற்காலிக்கும் அதையே விரித்துவிடுகிறேன். கம்பி அழுத்துகிறதே என்று தோன்றினால் அடியில் ஒரு சிறு துண்டை மடித்துப் போடுங்கள், போதும்.

எதை வாங்கினாலும், ட்ரோலியின் சொந்த பெல்ட் நுழைந்து வரத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உறையோடு வரும் பெல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். உறை ட்ரோலியோடு சரியாகப் பிணையாவிட்டால் குழந்தையும் சேர்ந்து சரியும். பெல்ட் அறுந்த ட்ரோலி என்றால் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையருக்கான அகல உறையை நான் பயன்படுத்தியதில்லை. தானாக உட்கார்ந்தாலும் ஏழு, எட்டு மாதத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளாடும் குழந்தைக்குப் பஞ்சு உறையின் தாங்கல் உதவலாம். எங்கள் மகள் அதற்குள் நன்றாக உட்காரப் பழகிவிட்டதால் அதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டில் டிரையரோ, வெயில் விழும் தரைவீட்டு முற்றமோ இருக்கிறவர்கள் பஞ்சு உறையே வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். கொண்டோ, அடுக்குமாடிக்காரர்கள் மெல்லியதாக இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.