‘பாரடைஸ்’ பார்க்காமல் விட்ட கொழும்புக்காரர்களுக்கு

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் நாங்கள் பட்ட பாட்டைக் காட்டும் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ‘பாரடைஸ்’ என்பேன். ஆனால் வெள்ளவத்தையில் நான் பழகும் தமிழர்களில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மலையாளப் படம் என்று சிலர் விட்டுவிட்டார்கள், சிங்கள இயக்குநர் என்று சிலர் விட்டுவிட்டார்கள். பாட்டும் சண்டையும் இல்லாத படத்துக்கு டிக்கெட் காசு எதற்கு என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். எங்களைப் பற்றி இவ்வளவு நேர்மையாக ஒரு படம் வந்து பல காலம் ஆகிறது.

கேரளாவிலிருந்து கேசவ், அமிர்தா என்று ஒரு தம்பதி திருமண நாளைக் கொண்டாட இலங்கைக்கு வருகிறார்கள். நாடே வரிசையில் நிற்கும் நேரம். இராமாயண இடங்களைச் சுற்றிக் காட்ட அன்ட்ரூ என்ற சாரதி கூடவே போகிறார். மலைநாட்டில் ஒரு பங்களாவில் தங்குகிறார்கள். இரவில் திருட்டு நடக்கிறது; லெப்டொப்பும் போன்களும் போய்விடுகின்றன. கேசவ் பொலிஸுக்குப் போய் நெருக்குகிறான். பொலிஸ் சந்தேகத்தின் பேரில் தோட்டத்துத் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்லப் போவதில்லை.

இயக்குநர் பிரசன்ன விதானகே இதில் செய்திருக்கும் வேலை கொழும்பில் வாழ்பவர்களுக்குத்தான் முழுதாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன். கணவனும் மனைவியும் மலையாளத்தில் பேசுகிறார்கள். அன்ட்ரூவோடு ஆங்கிலம். பொலிஸ்காரரும் அன்ட்ரூவும் தங்களுக்குள் சிங்களம். பங்களாவில் சமைப்பவர்களும் தோட்டத்து ஆட்களும் தமிழ். யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே, அங்கே யார் மேலே, யார் கீழே என்பது தெரிந்துவிடும். நாங்கள் பஸ்ஸிலும் வங்கியிலும் பொலிஸ் நிலையத்திலும் தினமும் செய்வது இதுதானே. இன்னொன்றும் என்னைக் குடைந்தது. அந்தப் பொலிஸ்காரரை விட, தோட்டத்து மக்களின் பேச்சுக்கு நெருக்கமான மொழி பேசுகிறவன் கேசவ். கொஞ்சம் காதுகொடுத்திருந்தால் அவர்கள் சொல்வது அவனுக்கு விளங்கியிருக்கும். ஆனால் உறுதியில்லாமலே விரலை நீட்டுகிறவனும் அவன்தான்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்புக்கு வேலைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் வீடு இன்னும் அங்கேதான். 2022இல் கொழும்பு கேஸ் வரிசையைப் பற்றியும் பெற்றோல் வரிசையைப் பற்றியும் பேசியது. 12.5 கிலோ சிலிண்டர் 5000 ரூபாயை நெருங்கிய காலம் அது. தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். கோதுமை மா விலை ஏறினால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு நேர ரொட்டி ஒரு நேரமாகிவிடும். அதைப் போராட்டம் நடந்த காலி முகத்திடலில் யாரும் பேசவில்லை என்று சொல்ல மாட்டேன், பேசினவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு முழுநீளப் படத்தின் நடுவில் அந்த மக்களை வைத்து, அவர்கள் மேல் சந்தேகம் எவ்வளவு சுலபமாக விழுகிறது என்று காட்டியதை நான் முதன்முதலாகப் பார்த்தது இதில்தான். தோட்டத்தில் எது காணாமல் போனாலும் முதலில் லயத்துக்குத்தான் வருவார்கள். காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில் நிற்க வைத்துக் கேட்பார்கள். இதை நான் எந்தப் படத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நடிப்பில் அமிர்தாவாக வரும் தர்சனா ராஜேந்திரன் எல்லோரையும் தாண்டிப் போகிறார். அதிகம் பேசாமல் கணவனைப் பார்க்கும் பார்வை காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டே வருகிறது. அந்தப் பார்வைதான் கதை என்று கூடச் சொல்லலாம். மகேந்திர பெரேரா பொலிஸ் சார்ஜன்டாக வருகிறார். அவரை வில்லனாக்காமல் விட்டது பெரிய விஷயம். மேலிடத்துக்கும் பயம், வந்திருக்கும் வெளிநாட்டுக்காரனுக்கும் பதில் சொல்ல வேண்டும், அதற்குக் கீழே இருப்பவன் அடிவாங்குகிறான். அன்ட்ரூவாக வரும் ஷ்யாம் பெர்னாண்டோவை, மலைநாட்டுப் பாதையில் வான் ஓட்டும் எந்தச் சாரதியின் இடத்திலும் உட்கார வைக்கலாம், அவ்வளவு இயல்பு. ராஜீவ் ரவியின் கேமரா மூடுபனியைச் சுற்றுலாப் படம் மாதிரிக் காட்டாமல், குளிர் உடம்பில் ஏறும்படி காட்டுகிறது. குறை என்றால், இராமாயணப் பேச்சு சில இடங்களில் கொஞ்சம் கூடிவிட்டது. சீதையைப் பற்றி அமிர்தா சொல்வது எதற்காக என்று எங்களுக்கே விளங்கிய பிறகும் படம் அதை விடுவதில்லை. முடிவு பலருக்குத் திடீரென்று இருக்கும். எனக்கு அது சரியாகவே பட்டது.

பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற படம், மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கிய படம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை.

2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தபோது கதை வேறு. அதே நெருக்கடியில் நாட்டை விட்டு ராமேஸ்வரத்துக்குப் படகேறும் குடும்பம். அலுவலகத்தில் எல்லோரும் போனார்கள், “எங்கட கதை, கட்டாயம் பாரும்” என்று யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்னையும் அனுப்பிவைத்தார். நல்ல படம்தான், மறுக்கவில்லை. சிம்ரன் மனதில் நிற்கிறார், சின்ன மகனாக வரும் கமலேஷ் படத்தையே தூக்கிக்கொண்டு போகிறான். ஆனால் அதில் நெருக்கடி என்பது புறப்படுவதற்கான காரணம் மட்டும்தான். படகை விட்டு இறங்கியதும் அது கதையிலிருந்தும் இறங்கிவிடுகிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். “சந்தோசமா ஒரு படம் பார்க்க விடுமன் பிள்ளை” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2024இல் வந்த இன்னும் இரண்டு தமிழ்ப் படங்களுக்காகவும் நான் வாதாடத் தயார். ஒன்று பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. பின்னணி இசை கிடையாது. ஓட்டோ சத்தம், சேவல் சத்தம், தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரத்த குரல், அவ்வளவுதான். அன்னா பென் ஏறக்குறையப் பேசுவதே இல்லை, ஆனால் அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அவர் உள்ளே இருக்கும்போதே ஆண்கள் ஓட்டோவைத் தூக்கித் திருப்பும் இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. நான் பார்த்த தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு பாதிப்பேர் இல்லை. அடுத்த வாரம் படமே இல்லை. இப்படிப்பட்ட படத்துக்கு மாலைக் காட்சி ஒன்றை ஒரு வாரமாவது விட்டுவைத்தால் என்ன என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

மற்றது ‘ஜமா’. பாரி இளவழகன் இயக்கி நடித்தது, இளையராஜா இசை. தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிற கல்யாணம் என்ற ஒருவன் அர்ச்சுனன் வேடம் கேட்கிறான். வாத்தியார் தர மறுக்கிறார். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும், ரதிக்கு வேடம் கட்டுவதும் ஆண்தான். கூத்து முடிந்த மறுநாள் அந்த ஆளை ஊர் எப்படிக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கல்யாணத்தின் நடை, கையை வைக்கும் விதம், அம்மா அவனைப் பார்த்துக் கூசும் இடம் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. சேத்தன் வாத்தியாராக மிரட்டியிருக்கிறார்.

இளங்கோ ராமின் ‘பெருசு’வையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன அப்பாவின் உடம்பில் தெரியும் ஒரு சங்கடத்தை ஊருக்கு மறைக்கப் பார்க்கும் மகன்களின் கதை. இலங்கைத் தமிழரான அவர் இதே கதையை முதலில் ‘டென்டிகோ’ என்று சிங்களத்தில் எடுத்தார். இரண்டில் சிங்களப் படமே மேல். சாவீட்டு மரியாதைகளுக்கு நடுவில் மகன்கள் தவிக்கும் தவிப்பு அதில் சத்தமில்லாமல் வருகிறது, தமிழில் ஆட்கள் கூடி, கூச்சலும் கூடிவிட்டது. விஷயம் கொஞ்சம் ஒரு மாதிரி என்பதால் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. அவர்களோடு பார்ப்பதென்றால் ‘ஜமா’வைப் போடுங்கள். ‘பாரடைஸ்’ஸை மட்டும் போனில் பார்க்காதீர்கள்; பாதிப் படம் இருட்டில் நடக்கிறது, ஒன்றும் தெரியாது. எங்காவது பெரிய திரையில் மறுபடி போட்டால் எனக்கும் சொல்லுங்கள், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.