காரைச் சுவரை மொத்தமாகக் கொத்தச் சொன்னால் நம்பாதீர்கள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. "சுண்ணாம்புக் காரையை எல்லாம் உரித்துவிட்டு சிமெண்ட் பூசலாம்" என்று யாராவது எஸ்டிமேட் நீட்டினால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கூடத்தில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கெட்டியாகத்தான் இருந்தது. வந்து பார்த்த காண்ட்ராக்டர் ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினார். "சார், இது செத்த செவுரு. மொத்தமா கொத்திட்டு சிமெண்ட் பூசிட்டா இருபது வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." கொத்துவதற்கு ஒரு சதுர அடி ரேட், பூசுவதற்கு இன்னொன்று. சுவர் ஏன் 'செத்தது' என்று இப்போது புரிகிறதா?

உளியும் சுத்தியலும் வரும் என்று பார்த்தால் பிரேக்கர் மிஷின் வந்தது. மெல்லிசான பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதிர்வில் இடுக்குச் சாந்து பொலபொலவென்று கொட்டியது. காரையோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. சூளையில் நன்றாக வெந்த அந்த மேல்தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது விரலால் தேய்த்தாலே சிவப்புத் தூளாக உதிர்கிறது. தண்ணீர் தெளித்துக் கொத்தினால் புழுதி அடங்கும், அதையும் செய்யவில்லை. பாவம், சித்தாள் பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க சாமி ரூம்ல காரை விழுது, நிறுத்தச் சொல்லுப்பா" என்று ஓடி வந்த பிறகுதான் மிஷின் நின்றது. அவர்கள் சுவரைச் சரிசெய்த செலவும் எங்கள் தலையில்.

பில்லில் கதவு, சன்னல் எல்லாமே சுவர்! சின்னத் திறப்புகளைச் சுவர்ப் பரப்பிலிருந்து கழிக்காமல் விடுவது வழக்கம்தான். ஆனால் அரை சதுர மீட்டருக்கு மேல் போனால் கழிக்க வேண்டும் என்பது அளவை விதி. இங்கே தலைவாசலையே கொத்திப் பூசியதாகக் கணக்கு. ரப்பீஸ், அதாவது கொத்திய குப்பை, அள்ள வண்டி வாடகை தனி.

ஐப்பசி மழையில் புதுப் பூச்சு உப்பிக்கொண்டது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும், போக வழியில்லாத ஈரம் மேலே ஏறும். இடுப்பளவில் இருந்த ஓதம் இப்போது தலைக்கு மேல். போன் செய்தால், "கடல் காத்து சார்" என்கிறார். அந்தக் காற்று தாத்தா காலத்தில் அடிக்கவில்லை போலிருக்கிறது.

அப்புறம், புதுச்சேரியில் பழைய வீடுகளில் வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். மிஷின் படாமல் தப்பிய உள்ளறைச் சுவரைக் பூச்சுக் கரணையின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டால் கெட்டி. பொத்தென்று கேட்டால் காரை செங்கல்லை விட்டுவிட்டது. அங்கே மட்டும் சாக்பீஸால் கோடு. "இதை மட்டும் உளியச் சாய்ச்சுப் புடிச்சு எடுத்தாப் போதும் தம்பி. மிச்சத்தத் தொடாத." அந்த அறையில் எடுக்க வேண்டியது கால்வாசிகூட இல்லை. எடுத்த இடத்தில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தே பூசினார்.

பில், போட்டோ, வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். காண்ட்ராக்டர் இப்போது திருப்பாதிரிப்புலியூரில் இன்னொரு காரை வீட்டுக்கு அளவெடுத்திருப்பதாகக் கேள்வி.